சுவர் குடித்த கணக்கு

ஒரு வீட்டுக்கு வர்ணம் அடிக்க எத்தனை லிட்டர் வேண்டும் என்பது ஐந்தாம் வகுப்புப் பையன் போடக்கூடிய கணக்கு. அறையின் நீளத்தையும் அகலத்தையும் கூட்டி இரண்டால் பெருக்க வேண்டியது. வந்ததை உயரத்தால் பெருக்க வேண்டியது. கதவு ஜன்னலைக் கழிக்க வேண்டியது. மிச்சத்தை டின்னின் முதுகில் அச்சடித்திருக்கும் எண்ணால் வகுக்க வேண்டியது. அவ்வளவுதான். இதில் கட்டுரை எழுத என்ன இருக்கிறது என்று நேயர்கள் கேட்கலாம். 2025ஆம் ஆண்டு மே மாதம் வரை நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஆண்டு ஜூலை 7ஆம் தேதி திருச்செந்தூர்க் கோயிலில் குடமுழுக்கு. முந்தைய குடமுழுக்கு நடந்தது 2009இல். பதினாறு வருஷம் கழித்து வருகிற வைபவம் அல்லவா? ஒன்பது நிலை ராஜகோபுரத்துக்குச் சாரம் கட்டியதைப் பார்த்ததும் ஊரில் வீடு வைத்திருந்தவர்களுக்கெல்லாம் ஒரு வேகம் பிறந்துவிட்டது. சுவாமிக்குப் புது வர்ணம் பூசும்போது நம் வீடு மட்டும் அழுக்காக நிற்கலாமா? அதோடு, எந்தக் காலத்திலோ பிரிந்துபோன உறவினர்களெல்லாம் வந்து இறங்குவார்கள். அவர்களுக்கு முன் கௌரவம் வேண்டுமே!

எங்கள் வீடு என் தாத்தா கட்டியது. சுண்ணாம்புக் காரையில் எழும்பிய கனத்த சுவர்கள். பின்கட்டில் ஒரே ஓர் அறை மட்டும் பிற்காலத்தில் சிமெண்டில் கட்டியது. நான் நாடாவைப் பிடித்து எல்லாச் சுவர்களையும் அளந்தேன். கதவு ஜன்னல் போக 2400 சதுர அடி வந்தது. இரண்டு பூச்சுக்கு 4800. வாங்க உத்தேசித்த எமல்ஷன் ஒரு லிட்டர், ஒரு பூச்சில் 120 சதுர அடிக்கு வரும் என்று கடைக்காரர் சொன்னார். வகுத்தேன். சரியாக நாற்பது லிட்டர். இருபது லிட்டர் டின் இரண்டு. மீதமே இல்லாமல் வகுபட்ட கணக்கைப் பார்த்து எனக்கு ஒரே பூரிப்பு.

என் தகப்பனார் காலத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வெள்ளையடித்து வருகிற பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவர் நாடாவே எடுக்கவில்லை. உள்ளே ஒரு சுற்றுச் சுற்றினார். உள்ளங்கையால் சுவரைத் தடவிக் கையைப் பார்த்தார். கை வெள்ளையாகியிருந்தது.

“தம்பி, சொவரச் சொரண்டி பிரைமர் அடிச்சம்னா ரெண்டு டின்னு போதும். சொரண்ட வேண்டாம்னா மூணு டின்னு வேணும். எப்படிச் செய்யணும்னு நீங்களே சொல்லுங்க” என்றார்.

சுரண்டுவதென்றால் நாலு நாள் கூலி. மூன்றாவது டின் என்றால் அதற்கு ஒரு விலை. நான் இரண்டு யோசனைகளிலிருந்தும் எனக்கு லாபமான பாதியை மட்டும் எடுத்துக்கொண்டேன். “சுரண்டவும் வேண்டாம் அண்ணாச்சி, மூணு டின்னும் வேண்டாம். ரெண்டே போதும். கணக்குப் போட்டாச்சு” என்றேன். அவர் மறுத்துப் பேசவில்லை.

ஆறாம் நாள் மாலை வேலை நின்றுவிட்டது. முதல் பூச்சு வீடு முழுவதும் முடிந்திருந்தது. இரண்டாம் பூச்சு கூடத்திலும் முன்னறையிலும் மட்டுமே விழுந்திருந்தது. வர்ணம் தீர்ந்துபோயிற்று. என் வாயில் சனி இருந்தது போலும். “நாற்பது லிட்டருக்குக் கணக்கு இருக்கே அண்ணாச்சி, மீதி எங்கே போச்சு?” என்று கேட்டுவிட்டேன்.

பெரியவர் பதில் சொல்லவில்லை. இரண்டு காலி டின்களையும் கொண்டுவந்து திண்ணையில் என் முன்னால் கவிழ்த்து வைத்தார். பிறகு ஒரு செம்பில் தண்ணீர் மொண்டு வந்து, இன்னும் வர்ணம் படாத பரண் சுவரில் ஒரு கை தெளித்தார். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் மறைந்து போயிற்று. அடுத்த கையைப் பின்கட்டுச் சிமெண்டுச் சுவரில் தெளித்தார். தண்ணீர் கோடு கோடாகத் தரைக்கு இறங்கியது.

“சொவரு குடிச்சிட்டு தம்பி” என்று மட்டும் சொல்லிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். மறுநாள் அவர் வரவில்லை.

வேலைக்காரர் வராத வீட்டில், பாதி வர்ணத்தின் நடுவே உட்கார்ந்து யோசிக்க எனக்கு நிறைய நேரம் கிடைத்தது. நான் போட்ட கணக்கில் பிழையில்லை. ஆனால் அவரும் பொய் சொல்லவில்லை. அப்படியானால் நம் முன்னோர்கள் இந்தக் கணக்கை எப்படிப் போட்டார்கள்? அவர்களுக்குள் இந்தச் சண்டை வந்ததா, இல்லையா?

எனக்கு விவரம் தெரிந்த 1980களில்கூட எங்கள் வீட்டில் பொங்கலுக்குச் சுண்ணாம்புதான். மன்னார் வளைகுடாக் கரையில் சிப்பிக்கும் கிளிஞ்சலுக்கும் பஞ்சம் ஏது? அவற்றைக் காளவாயில் இட்டுச் சுட்டால் சுண்ணாம்பு. சுட்ட கிளிஞ்சலை அண்டாவில் போட்டுத் தண்ணீர் ஊற்றினால், அடுப்பில்லாமலே கொதிக்கும். “கிட்டப் போகாதே, கண்ணு போயிடும்” என்று அம்மா கத்துவாள். நாங்கள் கிட்டத்தான் போய் நிற்போம். கொதி அடங்கியதும் வடிகட்டி, கொஞ்சம் வச்சிரம் காய்ச்சி ஊற்றி, மஞ்சள் தட்டாமல் இருக்கச் சிட்டிகை நீலம் போட்டு, நார் மட்டையால் அடிப்பார்கள்.

இந்தக் கொதிப்புக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. ரசாயனம் படித்தவர்களுக்குத் தெரியும். சுத்தமான கிளிஞ்சல் 100 கிலோவைச் சுட்டால் கரியமில வாயு பறந்துபோய் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். அது 18 கிலோ தண்ணீரைக் குடித்து 74 கிலோ நீற்றிய சுண்ணாம்பாகும். அதைச் சுவரில் அடித்த பிறகு, காற்றிலிருந்து இழந்த வாயுவை மெல்ல மெல்லத் திரும்பப் பெற்று, உட்கொண்ட தண்ணீரை விட்டுவிட்டு, மறுபடியும் 100 கிலோவாகிறது. அதாவது கடல் கட்டிய கிளிஞ்சலே நம் சுவரில் மீண்டும் கிளிஞ்சலாகப் படிகிறது. இவ்வளவு நேர்மையாகக் கொடுக்கல் வாங்கலை முடித்துக்கொள்கிற சரக்கு வேறு எது?

இந்தச் சரக்குக்கு ஒரு காலத்தில் உலகப் புகழே இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் சென்னைக்கு வந்த ஆங்கிலேயர்கள், கிளிஞ்சல் சுண்ணாம்பைப் பூசித் தேய்த்து மெருகேற்றிய சுவர்களைப் பார்த்துச் சலவைக்கல்லோ என்று மயங்கியிருக்கிறார்கள். நம்முடைய ‘சுண்ணாம்பு’ அவர்கள் வாயில் ‘சுனாம்’ ஆகி ஆங்கில அகராதிக்கும் போய்ச் சேர்ந்தது. தயிர், முட்டையின் வெண்கரு, வெல்லம், கடுக்காய் என்று பூச்சுக் கலவைக்கு ஒரு விருந்துச் சாமான் பட்டியலே உண்டு.

சுண்ணாம்புக் காலத்தில் எவ்வளவு வாங்குவது என்று யாரும் தலையை உடைத்துக்கொண்டதாக எனக்கு நினைவில்லை. குறைந்தால் தண்ணீரைக் கூட்டி இன்னொரு கை அடிப்பார்கள். மிஞ்சினால் முருங்கை மரத்தடியில் குழி தோண்டி, தண்ணீர் நிற்க ஊற்றி மூடி வைப்பார்கள். அடுத்த பொங்கலுக்கு அது வெண்ணெய் மாதிரி இருக்கும். ரோமாபுரியில் மூன்று வருஷம் ஊறாத சுண்ணாம்பைக் கட்டட ஒப்பந்தக்காரர்கள் பயன்படுத்தக்கூடாது என்று பழைய சட்டமே இருந்ததாக பிளினி எழுதி வைத்திருக்கிறார். மிச்சம் விழுந்தால் நஷ்டமில்லை, தரம் கூடும் என்றிருந்த பொருளுக்கு எதற்காகத் துல்லியமான கணக்கு?

ஆனால் நம்மவர்களுக்குச் சுண்ணாம்பை அளக்கத் தெரியாது என்று நினைத்துவிட வேண்டாம். திருச்செந்தூரிலிருந்து உடன்குடிப் பக்கம் போனால் செம்மணல் தேரியும் பனங்காடும். பனையேறுகிறவர் பதநீர்க் கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவித்தான் பாளையில் கட்டுவார். தடவல் குறைந்தால் பதநீர் பொங்கிக் கள்ளாகிவிடும். கூடினால் வாயில் வைக்க முடியாமல் காறும். காய்ச்சினால் கருப்பட்டியும் கெட்டுப்போகும். அந்தரத்தில், ஒரு கையால் மரத்தைப் பிடித்துக்கொண்டு, விரலால் ஒரு வழி வழிக்கிறாரே, அதற்கு எந்தப் படியும் நாழியும் கிடையாது. கலயம் பழையதா புதியதா, வெயில் எப்படி, காற்று எப்படி என்று எல்லாவற்றையும் அந்த விரலே கணக்கிடும். நம் பெரியவர் சுவரைத் தடவிப் பார்த்த உள்ளங்கையும் இந்த விரலும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவை.

ஏட்டுப் பள்ளிக்கூடமும் நம்மிடம் இருந்தது. காரிநாயனார் இயற்றிய கணக்கதிகாரம் என்ற நூலைத் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் தலைமுறை தலைமுறையாகப் படித்திருக்கிறார்கள். வட்டமான நிலத்தின் பரப்பை அறிய, சுற்றளவில் பாதியை விட்டத்தில் பாதியால் பெருக்கு என்று அது சொல்கிறது. இன்றைய வாத்தியாரும் அதில் குறை காண முடியாது. அதே நூலில் எனக்கு மிகவும் பிடித்தது பலாப்பழக் கணக்கு. பழத்தை அறுக்காமலே சுளை எத்தனை என்று சொல்ல வேண்டும். காம்பைச் சுற்றியுள்ள முட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுத்தால் சுளையின் எண்ணிக்கை வருமாம். பழம் அதை ஒப்புக்கொள்கிறதா என்பது வேறு விஷயம். வெளியே தெரிவதைக் கொண்டு உள்ளே இருப்பதை மதிப்பிட முடியும் என்ற அந்த ஆசைதான் எனக்குச் சுவாரஸ்யம். நானும் அதைத்தான் செய்தேன். சுவரின் மேல்தோலை நாடாவால் அளந்து அதன் வயிற்றைக் கணக்கிட்டேன்.

துல்லியமாகத் திட்டம் போடுவதற்கும் நமக்கு வெளியூர்க்காரர் வந்து சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அதற்குச் சாட்சி எங்கள் ஊர்க் கோயிலிலேயே கல்லில் இருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் வரகுண பாண்டியன் காலத்தில் வெட்டிய கல்வெட்டு அது. சுவாமிக்கு ஒரு வருஷம் ஆகும் செலவுக்காக 1400 காசுகளை முதலாகப் பல ஊர்களிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். முதல் கரையக்கூடாது. காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு இரண்டு கலம் நெல் வட்டி. அந்த வட்டியிலிருந்து அரிசி இவ்வளவு, நெய் இவ்வளவு, தயிர் இவ்வளவு, வெற்றிலை பாக்கு இவ்வளவு என்று அன்றாடச் செலவை வகுத்திருக்கிறார்கள். ஆயிரத்து நூறு வருஷத்துக்கு மேற்பட்ட அந்த எஸ்டிமேட்டைப் படிக்கும்போது, அதை எழுதியவர்கள் மனிதனை நன்றாக அறிந்தவர்கள் என்று தோன்றும். கல்லில் வெட்டினால்தான் கை நீளாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

அளவை என்றாலே சச்சரவுதான். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு நாழி. எட்டு நாழி ஒரு மரக்கால் என்று வாய்பாடு என்னவோ ஒழுங்காகத்தான் இருந்தது. ஆனால் எந்த மரக்கால்? ஊருக்கொரு மரக்கால், கோயிலுக்கொரு மரக்கால். தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் காலத்தில் மரக்காலுக்கு ஆடவல்லான் என்று சுவாமி பெயரையே வைத்தார்கள். மரக்கால் ஒன்றேயானாலும், குவித்து அளப்பதா, தலை வழித்து அளப்பதா என்பதில் எத்தனை குடும்பங்கள் முறைத்துக்கொண்டிருக்கின்றன! எங்கள் ஊரில் கடலுக்குப் பக்கத்திலேயே நல்ல தண்ணீர் ஊறும் கிணற்றுக்கு நாழிக் கிணறு என்று பெயர். அளவையின் பெயரைத் தாங்கிக்கொண்டு அளவில்லாமல் கொடுப்பது அந்தக் கிணறு ஒன்றுதான் போலிருக்கிறது.

அளக்கிறவனுக்கும் கூலி வாங்குகிறவனுக்கும் இடையே சந்தேகமே இல்லாத ஓர் உலகத்தையும் எங்கள் ஊர் கற்பனை செய்து வைத்திருக்கிறது. சுண்ணாம்பை நீற்றினால் வருவதும் நீறு. கோயிலில் பன்னீர் இலையில் வைத்துக் கொடுப்பதும் நீறு. ராஜகோபுரத்தைக் கட்டியவர் திருவாவடுதுறை ஆதீனத்தைச் சேர்ந்த தேசிகமூர்த்தி சுவாமிகள் என்பது வழக்கு. கையில் பணமில்லாத சந்நியாசி. அந்தி சாய்ந்ததும் வேலையாட்களுக்குக் கூலியாக இலை விபூதியைக் கொடுப்பாராம். அவர்கள் தூண்டுகை விநாயகர் கோயிலைத் தாண்டிப் போய் இலையைப் பிரித்தால், அவரவர் செய்த வேலைக்கு எவ்வளவு கூலியோ அவ்வளவு இருக்குமாம். கூடவும் இராது, குறையவும் இராது. சிறுவயதில் அதை அற்புதம் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். காலி டின்களுக்கு எதிரில் உட்கார்ந்திருந்த அன்றுதான் அந்தக் கதையில் எது அற்புதம் என்று புரிந்தது. விபூதி காசானதைக் காட்டிலும், இலையைப் பிரித்த யாரும் ‘இது குறைச்சல்’ என்று சொல்லாததும், கொடுத்தவர் ‘இவ்வளவா?’ என்று கேட்காததும்தான் பெரிய அற்புதம்.

வெள்ளைக்காரன் வந்தான், மராமத்து இலாகா வந்தது. அத்துடன் ‘எஸ்டிமேட்’ என்ற சொல்லும், நூறு சதுர அடியை ஒரு சதுரம் என்று எண்ணும் வழக்கமும் கொத்தனார் வாய்க்கு வந்து சேர்ந்தன. இலாகாக் கணக்கில் எதுவும் கண்மதிப்புக்கு விடப்படவில்லை. சுதந்திரத்துக்குப் பின் இந்தியத் தர நிறுவனம் கட்டட வேலைகளை அளக்க வகுத்த ஐ.எஸ். 1200 என்ற விதிகளை ஒரு நண்பர் வீட்டில் புரட்டிப் பார்த்திருக்கிறேன். ரசமான புத்தகம்! பலகை பதித்த கதவுக்கு வர்ணம் அடித்தால், ஒரு பக்கத்துக்கு அதன் நீள அகலப் பரப்பைப் போல 1.30 மடங்கு என்று கணக்கிட வேண்டும். கதவில் மேடும் பள்ளமும் இருக்கிறதல்லவா? சாய்ந்த சட்டங்கள் அடுக்கிய ஜன்னல் கதவானால் 1.80 மடங்கு. சிறிய துவாரங்களைக் கழிக்க வேண்டியதில்லை. நடுத்தர ஜன்னலுக்கு ஒரு பக்கம் மட்டும் கழித்தால் போதும், ஏனென்றால் சுவரின் கனத்தில் உள்ள ஓரங்களுக்கும் அடிக்க வேண்டுமே. எத்தனை பேர் எத்தனை வருஷம் வாதாடித் தீர்த்த வழக்குகள் இந்த எண்களில் அடங்கியிருக்கின்றன! மேட்டுக்கும் பள்ளத்துக்கும் அதில் எண் இருக்கிறது. சுவரின் தாகத்துக்குத்தான் எண் இல்லை.

அளவுக் கணக்கை வீட்டுக்காரனின் கவலையாக்கியது டின்தான். 1902இல் கல்கத்தாவுக்கு அருகே ஹௌராவில் ஷாலிமார் வர்ணத் தொழிற்சாலை தோன்றியது. 1942இல், யுத்த காலத்தில், பம்பாயில் நான்கு நண்பர்கள் சேர்ந்து ஏஷியன் பெயிண்ட்ஸைத் தொடங்கினார்கள். 1954இல் ஆர்.கே. லக்ஷ்மண் அந்தக் கம்பெனிக்காகக் ‘கட்டு’ என்ற குறும்புப் பையனைக் கையில் வர்ண வாளியும் பிரஷுமாக வரைந்து கொடுத்தார். எங்கள் பக்கத்துக் கிராமங்களிலோ டின் வர்ணம் முதலில் மனிதர் வீட்டுக்குப் போகவில்லை. மாட்டுப் பொங்கலுக்குக் காளையின் கொம்புக்குத்தான் போயிற்று. கொம்பு இரண்டு, டப்பா ஒன்று, கணக்கில் குழப்பமில்லை. பிறகு டிஸ்டெம்பர் வந்தது, எமல்ஷன் வந்தது. மிஞ்சினால் முருங்கை மரத்தடியில் புதைத்து வைக்க முடியாத சரக்கு. குறைந்தால் தண்ணீரை ஊற்றிச் சமாளிக்கவும் முடியாது. ஊற்றினால் சுவர் சாயம் போன சேலை மாதிரி இளித்துவிடும். ஒவ்வொரு லிட்டரும் பணம். பணம் வந்த இடத்தில் சந்தேகமும் வந்து உட்கார்ந்துகொண்டது.

இடையில் அளவையும் மாறியது. 1957 ஏப்ரலில் நயா பைசா. 1958 அக்டோபர் தொடங்கிப் படிப்படியாகக் கிலோவும் லிட்டரும் மீட்டரும் வந்தன. படியும் மரக்காலும் பரணுக்குப் போயின. இன்றும் பாருங்கள், சுவரை அளப்பது அடியில், வர்ணம் வாங்குவது லிட்டரில். ஒரு லிட்டருக்கு இத்தனை சதுர அடி என்று சீமை அளவையையும் பிரெஞ்சு அளவையையும் கலப்பு மணம் செய்துவைத்து நாம் குடும்பம் நடத்திக்கொண்டிருக்கிறோம். குடும்பம் நன்றாகத்தான் நடக்கிறது.

ஒரு லிட்டர் 120 சதுர அடி வரும் என்றால் என்ன பொருள்? அந்த ஈரப்பூச்சின் கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. தாளைப் போல அவ்வளவு மெல்லிய ஒரு படலம். கண்ணாடி மாதிரிச் சுவரானால் அத்தனையும் மேலே நிற்கும். ஐம்பது பொங்கல் சுண்ணாம்பை மாவாகச் சுமந்துகொண்டிருக்கும் காரைச் சுவரானால்? பாதி உள்ளே போய்விடும். கடற்கரை ஊரில் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்ளும். கல்லையே அரிக்கிற காற்று அது. திருச்செந்தூர்க் கோயிலின் பழைய மணற்கல் கட்டடம் அந்தக் காற்றில் பழுதுபட்டுப் போய்த்தான், பத்தொன்பதாம் நூற்றாண்டில் மௌன சுவாமி தொடங்கிய திருப்பணி தலைமுறை தாண்டி நடந்து, 1941இல் குடமுழுக்குடன் நிறைவேறியது. கருவறைக் கல்லைச் சும்மா விடாத காற்று என் வீட்டுக் காரையை விட்டுவிடுமா?

மூன்றாம் நாள் பெரியவர் வந்தார். என்னை உத்தேசித்து வரவில்லை. அம்மா ஆள் அனுப்பியிருந்தாள். நான் அதற்குள் மூன்றாவது டின்னை வாங்கித் திண்ணையில் வைத்திருந்தேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. டின்னை வாங்கி வைத்ததே மன்னிப்பு என்று எண்ணிக்கொண்டேன். அவரும் அப்படி எடுத்துக்கொண்டாரோ என்னவோ, டின்னைத் திருப்பி வர்ணத்தின் எண்ணைச் சரிபார்த்துவிட்டு, “மூணையும் முதல்லயே வாங்கியிருந்தா ஒண்ணாக் கலந்திருக்கலாம். இப்ப லேசா நிறம் விலகும். மூலைக்கு மூலை முடிச்சிடுதேன், தெரியாது” என்றார். ஒரே சுவரின் நடுவில் புது டின்னைத் தொடங்காமல், இரண்டு சுவர் சந்திக்கும் மூலையில் தொடங்கினால், வெளிச்சம் மாறுகிற இடத்தில் நிறம் மாறுவது கண்ணுக்குப் படாது. இதுவும் ஐ.எஸ். 1200இல் இல்லாத சங்கதி.

பரண் ஓரத்தில் பட்டித் தகட்டால் ஒரு சாண் இடத்தைச் சுரண்டிக் காட்டினார். மேலே இளம் பச்சை டிஸ்டெம்பர். அது என் அக்கா கல்யாணத்துக்கு அடித்தது. அதன் கீழே மஞ்சள் காவி. அதற்குக் கீழே நீலம் பாய்ந்த வெள்ளை. அப்புறம் வெள்ளை, வெள்ளை, வெள்ளை, எண்ண முடியவில்லை. “இதுல பாதி எங்கப்பா அடிச்சது” என்றார். அவருடைய தகப்பனாரும் என் தாத்தாவும் சேர்ந்து எழுதிய ஏட்டை நான் நாடாவால் அளந்து நாற்பது லிட்டர் என்று விலை போட்டிருக்கிறேன்!

இரண்டாம் பூச்சு முடிந்ததும் உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். முதல் பூச்சில் லிட்டருக்கு 75 சதுர அடிதான் வந்திருக்கிறது. 2400 சதுர அடிக்கு 32 லிட்டர். தாகம் தீர்ந்த பிறகு இரண்டாம் பூச்சில் டின்காரன் சொன்னபடி 120. அதற்கு 20 லிட்டர். ஆக 52. மூன்று டின்னில் எட்டு லிட்டர் மிச்சம். அந்த எட்டையும் டின்னோடு இறுக மூடி, “அங்கங்க கீறல் விழுந்தா ஒட்டுப்போட ஆகும்” என்று என் கையில் கொடுத்தார். எந்தக் கையை நான் சந்தேகித்தேனோ அந்தக் கை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்வதற்கில்லை. சுரண்டாமல் அடித்ததால் வருஷம் திரும்புவதற்குள் கடல் பக்கத்து ஜன்னலடியில் பூச்சு தோல் உரியத் தொடங்கிவிட்டது. அது அவர் கணக்கில் சேராது. என் கணக்கில்தான் சேரும். நம் பாஷையில் மதிப்பு என்ற ஒரே சொல் பொருளின் அளவையும் குறிக்கிறது, மனிதனுக்குக் கொடுக்கிற மரியாதையையும் குறிக்கிறது. ஒன்றில் நான் பன்னிரண்டு லிட்டர் பிசகினேன். மற்றதில் எவ்வளவு என்று அளக்க என்னிடம் படி இல்லை.

பெரியவர் புறப்படும்போது, அலமாரிக் கதவின் உட்புறத்தில் பென்சிலால் எழுதி வைக்கச் சொன்னார். எழுதினேன். வருஷம், மாதம், வர்ணத்தின் எண், முதல் பூச்சு 32, இரண்டாம் பூச்சு 20. அடுத்த தடவை அளக்கப்போவது என் மகனாக இருக்கலாம். அவனும் என்னைப் போல நாடாவைத்தான் எடுப்பான். அவனுக்காக அதன் கீழே இன்னொரு வரியும் எழுதி வைத்திருக்கிறேன்: சுவரை முதலில் கையால் தடவிப் பார்க்கவும்.